ஏட்டுச் சுரைக்காய்: கற்பவனைப் பற்றிய ஊர்வழக்கும் உண்மையும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கெல்லையில், திருநெல்வேலி மாவட்டத்தை ஒட்டி அமைந்த ஊர் அஞ்சுகிராமம். சில ஆண்டுகட்கு முன்னர் யாம் அவ்வூரில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவ்வீட்டில் உடன்பிறந்தார் இருவர் இருந்தனர். மூத்தவன் பொறியியற் கல்லூரி மாணவன். இரவும் பகலும் பாடநூலை விட்டு அகலாதவன். இளையவன் பள்ளி மாணவன். அவன் சுசீந்திரம் கோயிலுக்குச் செல்லுந்தோறும் அங்குள்ள கல்லெழுத்துக்களைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வருபவன். அவ்வெழுத்துக்களின் வடிவ வேற்றுமைகளைக் கேட்பார்க்கெல்லாம் சலியாது விளக்குபவன். அவ்விருவருக்கும் பாட்டனாராகிய பெரியவர் மூத்தவனைச் சுட்டி, “நல்ல படிப்பாளி” என்றார். இளையவனைச் சுட்டி, “இவன் ஏட்டுச் சுரைக்கா, பாத்துக்கிடுங்க. கல்லுல உள்ள எழுத்தை எழுதிக்கிட்டு நடந்தா சோறு வருமா? இவனுக்கு வேற சோலி கெடையாது” என்றார். அவர் கூற்றில் வெறுப்பில்லை, அன்பே இருந்தது. சிறுவனும் சிரித்தான்; ஆயின் குறிப்பேட்டை மூடிவிட்டான்.

ஒரே வீட்டில் இருவர் நூலில் மூழ்கியிருக்க, ஒருவனுக்குப் படிப்பாளி என்னும் பாராட்டும் மற்றவனுக்கு ஏட்டுச் சுரைக்காய் என்னும் நகையும் வாய்த்தமைக்குக் காரணம் யாது? அறிவு வேட்கை மிக்காரைப் பற்றிச் சமுதாயம் கொண்டுள்ள படிவம் எவ்வாறு உருவாயிற்று? அது யாரைத் தாக்குகின்றது? தமிழ் பயில்வார்க்கு இவ்வினாக்கள் அயலானவை அல்ல. சங்கப் பாடற் சொல்லொன்றின் பொருளை ஓராண்டு ஆராயும் மாணவர் ஒவ்வொருவரும் இப்பெயரை என்றேனும் ஒருநாள் கேட்டிருப்பர். ஆதலின் இதனை ஈண்டுச் சிறிது விரிவாக ஆராய்வாம்.

பழமொழியின் பொருள்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. ஓலையேட்டில் சுரைக்காய் என்று எழுதி வைத்தால் அதனை அரிந்து குழம்பு வைத்தல் இயலாது என்பது இதன் நேர்ப்பொருள். கூர்ந்து நோக்கின், இப்பழமொழி பழிப்பது எழுதப்பட்ட சுரைக்காயையே, எழுதினவனை அன்று. சொல் வேறு, பொருள் வேறு. சொல்லைக் கொண்டு பொருளைப் பெற்றுவிட்டதாக மயங்கற்க என்பதே அதன் அறிவுரை. இதனைக் கற்றவனும் தன்னை நோக்கிக் கூறிக்கொள்ளலாம், கல்லாதவனும் கூறலாம்.

ஆயின் இன்றைய வழக்கில் இப்பழமொழி தன் இடத்தினின்றும் பெயர்ந்துவிட்டது. அஞ்சுகிராமத்துப் பெரியவர் கூறியது, “இவன் அறிந்தது ஏட்டுச் சுரைக்காய்” என்பதன்று. “இவன் ஏட்டுச் சுரைக்காய்” என்பதே. அறிவின் ஒரு குறை ஆளின் இயல்பாக மாறிவிட்டது. ஒரு செயலின் குறையைக் கூறுதல் வேறு. அக்குறையை ஓர் இனத்தாரின் பிறவிக்குணமாக்குதல் வேறு. முன்னது திருத்தத்திற்கு இடந்தரும், பின்னது தாராது. சமுதாயப் படிவம் என்று நாம் கூறுவது இப்பின்னதையே.

பண்டை நூல்கள் கூறுவன

கற்றும் உலகியல் அறியாதாரைப் பற்றிய கருத்துப் புதியதன்று. திருவள்ளுவர் ஒழுக்கமுடைமை அதிகாரத்தில் (140), பல கற்றும் உலகத்தோடு பொருந்த ஒழுகுதலைக் கல்லாதாரை அறிவிலாதார் என்கின்றார். அமைச்சு அதிகாரத்தில் (637), நூல்வழிச் செய்முறைகளை அறிந்தவிடத்தும் உலகத்தின் இயல்பினை அறிந்து செயற்பட வேண்டும் என்கின்றார். சொல்வன்மையில் (650), கற்றதனைப் பிறர் உணருமாறு விரித்துரைக்க மாட்டாதாரை மணமில்லாப் பூங்கொத்திற்கு ஒப்பிடுகின்றார். அவை அஞ்சாமை என்னும் அதிகாரமோ, நூல் கற்றும் அவைமுன் நிற்க அஞ்சுவாரைப் பற்றியே பல குறள்களில் பேசுகின்றது. கூச்சமுடைய கல்வியாளன் வள்ளுவர் காலத்திலும் இருந்தான் என்பது இதனால் தெளிவாகும்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வள்ளுவர் குறை கூறுமிடமெல்லாம் அக்குறை நீக்கத்தக்கதாகவே நிற்கின்றது. ஒழுகக் கற்றுக்கொள்ளலாம், உலகியலை அறிந்துகொள்ளலாம், விரித்துரைக்கப் பழகலாம், அவையச்சத்தை வெல்லலாம். கற்பார் இத்தகையர் என்னும் முடிவு அங்கே இல்லை.

நன்னூலார் மாணாக்கரை வகைப்படுத்துங்கால் அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என எட்டு உவமைகளைக் கையாளுகின்றார். அன்னமும் ஆவும் தலைமாணாக்கர்க்கு, மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு, ஏனையவை கடைமாணாக்கர்க்கு. சொன்னதையே சொல்லும் கிளி கடையிலும் வைக்கப்படவில்லை, தலையிலும் வைக்கப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. கொள்ளும் முறையே அவர் அளவுகோல். உருவம், உடை, பேச்சு, நட்பு ஆகியவற்றுள் ஒன்றும் அவ்வளவையில் இடம் பெறவில்லை.

நகைச்சுவைக் கதைகளில்தான் ஆளே நகைக்குரியவன் ஆகின்றான். பஞ்சதந்திரத்தில் வரும் நால்வர் கதை யாவரும் அறிந்தது. கற்றவர் மூவர் வழியிற் கிடந்த எலும்புகளைச் சேர்த்து, தசையும் தோலும் அமைத்து, உயிரும் ஊட்டிச் சிங்கத்தை எழுப்பி அதற்கே இரையாயினர். கல்வியில்லாத நான்காமவன் மரத்தின்மேல் ஏறிப் பிழைத்தான். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குருவின் கதையோ குருவையும் சீடரையும் ஒருசேர நகைக்கின்றது. கிரேக்க நாட்டிலும் இதனையொத்த கதையுண்டு. விண்மீனை நோக்கி நடந்த தேலீசு என்னும் அறிஞர் கிணற்றில் வீழ்ந்தார் எனவும், அது கண்டு பணிப்பெண் ஒருத்தி நகைத்தாள் எனவும் பிளேட்டோ எழுதியுள்ளார். அதே தேலீசு, ஒலிவ விளைச்சல் மிகும் என்பதனை முன்னறிந்து, எண்ணெய் ஆலைகளை முன்கூட்டியே குத்தகைக்கு எடுத்துப் பெரும்பொருள் ஈட்டினார் என்பது அரிசுட்டாட்டில் கூறும் மற்றொரு கதை. கிணற்றில் வீழ்ந்த கதையே உலகெங்கும் பரவியது. ஆலைக் கதையை அறிந்தார் சிலரே. படிவம் தனக்கு வேண்டியதனை மட்டும் நினைவிற் கொள்ளும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

படிவத்திற்கு உருவம் வாய்த்தமை

அண்மைக் காலத்தில் இப்படிவம் உடலும் உடையும் பெற்றது. தமிழ்நாட்டு மாணவர் வழக்கில் சோடாப்புட்டி என்னும் சொல் தடித்த கண்ணாடி அணிந்தவரைக் குறிக்கும். கோலிச் சோடாப் புட்டியின் கண்ணாடி தடித்திருத்தலின் இப்பெயர் எழுந்தது. புத்தகப்புழு, பழம், படிப்ஸ் என்பனவும் அவ்வழக்கினவே. இவற்றுள் படிப்ஸ் என்னும் சொல் ஆராயத்தக்கது. படிப்பு என்னும் தமிழ்ச்சொல்லின் இறுதியில் ஆங்கிலப் பன்மை ஒலியை ஏற்றி ஆட்பெயர் ஆக்கியுள்ளனர். படிப்பு ஒருவனது தொழிலாக இராமல் அவனே படிப்பாகிவிட்டான் என்னும் நகைப்பு அதனுள் அடங்கியுள்ளது. திரைப்படங்கள் எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையையும், கழுத்துவரை பொத்தானிட்ட சட்டையையும், பெண்களைக் கண்டு தடுமாறும் நாவையும் இவற்றோடு சேர்த்தன.

ஆங்கிலத்தில் இதற்கு நெர்டு, கீக் என இரு சொற்கள் உள்ளன. நெர்டு என்பது 1950இல் சூசு என்பார் எழுதிய சிறுவர் நூலொன்றில் கற்பனை விலங்கின் பெயராக அச்சில் வந்தது. 1951இல் திட்ராயிட்டு நகர இளைஞரின் கொச்சைச் சொல்லாக அமெரிக்க வார இதழொன்று அதனைக் குறித்தது. கீக் என்பது முட்டாள் எனப் பொருள்படும் பழைய செருமானிய வழக்கிலிருந்து வந்து, பின்னர்ச் சந்தைக் காட்சிகளில் உயிர்க்கோழியின் தலையைக் கடித்துக் காட்டுவானைக் குறித்தது. ஒன்று விலங்கின் பெயர். மற்றொன்று வேடிக்கைப் பொருளானவனின் பெயர். இரண்டும் கற்பவனை மக்கட் கூட்டத்திற்குப் புறத்தே நிறுத்துகின்றன. கணிப்பொறித் தொழில் பெரும்பொருள் ஈட்டித் தந்த பின்னரே இச்சொற்களைச் சிலர் பெருமையுடன் தமக்குச் சூட்டிக்கொள்ளலாயினர்.

படிவம் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதனை அளந்தாரும் உளர். 1957இல் மார்கரெட்டு மீடு, உரோடா மெத்ரோ ஆகிய இருவரும் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர் ஏறத்தாழ 35,000 பேர் எழுதிய கட்டுரைகளைக் கொண்டு அறிவியலாளனைப் பற்றிய அவர்தம் எண்ணத்தை ஆராய்ந்தனர். வெள்ளைமேலங்கி அணிந்து, கண்ணாடி தரித்து, ஆய்வுக்கூடத்தில் தனித்திருக்கும் ஆடவன் என்பதே அவர் கண்ட உருவம். அறிவியல் நாட்டிற்கு நன்மை தரும் என அம்மாணவர் ஒப்பினர். ஆயின் தாம் அத்தகையராதலையும் அத்தகையாரை மணத்தலையும் விரும்பிலர். 1983இல் சேம்பர்சு என்பார் 4,807 சிறுவர்கள் வரைந்த அறிவியலாளர் படங்களைப் பற்றி எழுதினார். அவற்றுள் பெண்ணை வரைந்தவை 28 மட்டுமே. அவற்றை வரைந்தோர் அனைவரும் சிறுமியர்.

இவ்வுருவம் உண்மையோ எனின், அன்று. 1921இல் இலூயிசு தெர்மன் கலிபோர்னியாவில் அறிவுத்திறன் மிக்க சிறுவர் ஏறத்தாழ 1,500 பேரைத் தேர்ந்து நெடுங்காலம் ஆராயத் தொடங்கினார். அறிவு மிக்க சிறுவர் உடல்நலம் குன்றியவர், கூட்டத்தோடு ஒட்டாதவர் என்னும் எண்ணம் அக்காலத்துப் பரவியிருந்தது. அவர் கண்ட முடிவு அதற்கு மாறாயிற்று. உடல்நலத்திலும் பழகுமுறையிலும் அச்சிறுவர் ஏனையோர்க்குக் குறைந்தவரல்லர். ஆசிரியர் சுட்டிய மாணாக்கரையே பெரிதும் தேர்ந்தமையின் அவ்வாய்வில் குறையுண்டு என்பர். எனினும், கற்பவன் இயல்பிலேயே நலிந்தவன் என்னும் கருத்தினை அதற்குப்பின் எளிதாக நிலைநாட்டல் இயலாதாயிற்று.

பழிப்பும் வியப்பும்

இப்படிவத்திற்கு மறுபக்கம் ஒன்றுண்டு. கணித மேதை இராமானுசனின் வாழ்க்கை அதனைக் காட்டும். 1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதம் ஒன்றிலேயே தோய்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையின், கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். 1907இல் எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தவறினார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913இல் ஆர்டிக்கு மடல் எழுதினார், 1918இல் இலண்டன் அரசவைக் கழக உறுப்பினரானார், 1920இல் மறைந்தார். 2012 முதல் அவர் பிறந்த நாளாகிய திசம்பர் 22 தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

1907இல் தேர்வில் தவறியவரும் 1918இல் சிறப்புப் பெற்றவரும் ஒருவரே. அவர்தம் குறிப்பேடுகளும் அவையே. மாறியது அயலார் தந்த சான்று மட்டுமே. அச்சான்று வருமுன் அவரது ஈடுபாடு உதவாத பித்தாகத் தோன்றியிருக்கும். வந்தபின் அதுவே தெய்வத்தன்மையாயிற்று. தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்த உழைப்பு, பித்தன் என்னும் சொல்லிலும் மறைகின்றது. தெய்வ மனிதன் என்னும் சொல்லிலும் மறைகின்றது. பழிப்பும் வியப்பும் ஒரு வேரில் கிளைத்தவை. இரண்டும் கற்பவனை நம்மினின்றும் வேறானவன் ஆக்கி, அவன் யாது செய்கின்றான் என உசாவும் பொறுப்பினின்று நம்மை விடுவிக்கின்றன.

நாஞ்சில் நாட்டு நிலை

இனி அஞ்சுகிராமத்து வீட்டிற்கு மீள்வாம். கல்வியை இகழும் நிலமன்று நாஞ்சில் நாடு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிவில் தமிழகத்தின் முதன்மை மாவட்டம் கன்னியாகுமரியே. அதன் அளவு 91.75 விழுக்காடு. அஞ்சுகிராமத்திற்கு அண்மையிலுள்ள மயிலாடியில் 1809இல் இரிங்கல்தௌபே ஆலயம் எழுப்பினார். அவரும் அவர்வழி வந்தோரும் நிறுவிய பள்ளிகளில், அதுகாறும் ஏட்டினைத் தீண்டவும் இடம்பெறாதிருந்த குடிகளின் மக்கள் எழுத்தறிந்தனர். ஏடு சிலர்க்கே உரியதாயிருந்த காலத்தில், ஏட்டுச் சுரைக்காய் என்னும் நகைப்பு ஏட்டிற்குப் புறத்தே நிறுத்தப்பட்டவரின் தற்காப்பாகவும் இருந்திருக்கலாம் என்பது எம் கருத்து. நெல்லை விளைவித்தவன், தன் உழைப்பில் உண்டுகொண்டே தன்னை இகழ்ந்த ஏட்டாளனை நோக்கி நகைத்தல் இயல்பே. அந்நகைப்பில் நேர்மையும் உண்டு.

ஆயின் பள்ளி யாவர்க்கும் திறந்தபின் அந்நகைப்பு வேறொருவன்மேற் பாய்ந்தது. இன்று பழிக்கப்படுவது கல்வியன்று. பயன் கண்முன் தோன்றாக் கல்வியே. அணுமின் நிலையம் அண்மையிற் கூடங்குளத்தில் உள்ளது. ஆதலின் இயற்பியல் கற்பான் பயன் அவ்வூரார்க்குத் தெரியும். கல்லெழுத்தைக் கற்பான் பயன் தெரிவதில்லை. மூத்தவன் நூலில் மூழ்குவது வேலைக்கு என்பதனால் அவன் படிப்பாளி. இளையவன் மூழ்குவது அறிதற்கு என்பதனால் அவன் ஏட்டுச் சுரைக்காய். மதிப்பெண் பெறும் வேட்கை போற்றப்படுகின்றது. பொருளின்மேற் செல்லும் வேட்கை நகைக்கப்படுகின்றது. இதில் ஒரு முரண் உண்டு. பழமொழியின் உண்மைப் பொருளின்படி, தேர்வின் பொருட்டு எழுதி மறக்கப்படும் கல்வியே ஏட்டுச் சுரைக்காயாம். கோயிலிற் சென்று கல்லைத் தொட்டுக் கண்டறியும் சிறுவன் கையில் இருப்பது கொடியிற் காய்த்த சுரைக்காய்.

பெண்கள் நிலை இதனினும் கடிது. ஆடவனாயின் நகைப்போடு விடுவர்; பெண்ணாயின் மிகப் படித்தவளை யார் மணப்பர் என்னும் வினாவும் தொடரும். தலச்சேரியிற் பிறந்து சென்னையிற் பயின்ற சானகி அம்மாள் (1897–1984) கோயம்புத்தூர்க் கரும்பு ஆய்வு நிலையத்திற் பணிபுரிந்தவர். 1945இல் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்வகைகளின் குரோமோசோம் பற்றிய பெருநூலை வெளியிட்டவர். மணம் புரியாது வாழ்ந்தவர். அத்தகையார் பெயரைப் பள்ளிச் சிறுமியர் அறியாதவரை, மேற்கூறிய 4,807 படங்களுள் 28 என்னும் கணக்கு நம் நாட்டிலும் எளிதில் மாறாது.

தேரூர் தரும் விடை

அச்சிறுவனுக்கு விடைகூற நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அஞ்சுகிராமத்தைப் போன்றே அகத்தீசுவரம் வட்டத்தைச் சார்ந்த தேரூரிற் பிறந்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876–1954). அவர் ஆசிரியப்பணி புரிந்து 1931இல் ஓய்வு பெற்றவர். கல்வெட்டுக்களைத் தேடிப் படித்தவர். இராசராசன் மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச் சாலை பற்றி வரும் சிறுதொடரின் பொருள் யாது என்பதற்காகத் தனிநூலே எழுதியவர். ஒரு தொடருக்கு ஒரு நூலா என ஊரார் வினவின் அவரும் ஏட்டுச் சுரைக்காயே. ஆயின் அதே கை குழந்தைகட்குப் பாட்டெழுதிற்று. அதே கை நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் எழுதி, தந்தையின் பொருள் மக்களுக்குச் செல்லாமையின் விளைந்த இல்லத் துன்பங்களை நகைச்சுவையோடு காட்டிற்று. அவ்வழக்கினை மாற்றும் சட்டம் 1926இல் திருவிதாங்கூரில் நிறைவேறியது. கல்லெழுத்தின் நுட்பமும் அடுக்களையின் துயரமும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே இருந்தன. கற்பவன் உலகியல் அறியான் என்னும் படிவத்திற்கு இவ்வொருவரே போதிய மறுப்பாவர். சுசீந்திரம் கோயிலைப் பற்றிக் கே. கே. பிள்ளை 1953இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட விரிநூலும், அச்சிறுவன் நோக்கிய கற்களைப் போன்றவற்றைப் பொறுமையோடு நோக்கியதன் பயனே.

இனி, குறை முழுவதும் ஊராரிடத்தே உளது எனக் கூறுதலும் நடுநிலை ஆகாது. கற்றதை விரித்துரையாதார் மணமில்லா மலர் என்னும் வள்ளுவர் கூற்று நம்மை நோக்கியது. ஆராய்ச்சியின் பயனை அயலார்க்கு உணர்த்தாது, தமக்குள்ளேயே பேசிக்கொள்ளும் வழக்கம் நம் துறைகளில் உண்டு. அச்சிறுவன் தன் பாட்டனாரிடம் கூறாத ஒன்றுண்டு. கோயிற் கல்லில் உள்ளவை பெரும்பாலும் நிலக்கொடையும், விளக்கெரிக்க விட்ட நெய்யின் அளவும், நீர்ப்பாசனமும், ஊர்க்கணக்குமே என்பது. வேளாண்குடிப் பெரியவர்க்கு அவற்றின்மேல் ஆர்வம் இராது என்று நாம் கருதுதலும் ஒரு படிவமே அன்றோ?

பயன் பிற்காலத்தே தோன்றும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று காட்டி முடிப்பாம். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டம் என்னும் பணியைத் தொடங்கினார். உலகின் பல பகுதிகளிலுள்ள தமிழர் ஊதியமின்றித் தம் ஓய்வுநேரத்தில் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகக் கணிப்பொறியில் ஏற்றினர். அவர்களைக் கண்ட இல்லத்தார் வேறு வேலை இல்லையோ என வினவியிருத்தல் கூடும். இன்று தமிழாய்வு மாணவர் ஒரு சொல்லின் ஆட்சியை நொடிப்பொழுதில் தேடிக் காண்பது அவர் அன்று செய்த அவ்வேலையின் பயனால் ஆகும்.

யாம் அவ்வீட்டினின்று விடைபெறுமுன் சிறுவனிடம் குறிப்பேட்டை மீண்டும் திறக்குமாறு வேண்டினோம். அதில் ஒரு பக்கத்தில் நெல்லின் அளவு குறித்த வரியொன்று இருந்தது. அதனைப் படித்துக் காட்டச் சொன்னோம். பெரியவர் சிறிதுநேரம் கேட்டிருந்து, அவ்வளவை எந்த மரக்காலால் அளந்தனர் என்று வினவினார். அவ்வினாவிற்கு எமக்கும் விடை தெரியவில்லை. அதனை அறிந்து சொல்வதாகச் சிறுவன் குறித்துக்கொண்டான்.